கொக்கிப்புழு படித்த வருஷம்

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பதினேழு வருஷமாக ஒரு சின்ன லேப் நடத்துகிறேன். ஒரே அறை, ஒரு மைக்ரோஸ்கோப், ரத்தம் சுற்றும் மெஷின் ஒன்று, காத்திருப்பவர்களுக்கு மூன்று நாற்காலி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை பார்க்க வருவார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்கள் வருவார்கள். மோஷன் டெஸ்ட்டுக்கு ஆள் வருவது அபூர்வம். வயிற்றில் பூச்சி என்று சந்தேகம் வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுவிடுவார்கள். மோஷனை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, என் முன்னால் வந்து நின்று, யார் பெயர், என்ன வயது என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மரியாதையான காரியம்.

அதனால் டிப்ளமோவில் படித்த புழுக்களையெல்லாம் நான் மறந்துபோயிருந்தேன். மறந்துவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரியப்படுத்தியவர் காவிரிக்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருஷம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, உடம்பு ஓய்ந்ததும் ஊருக்கு வந்து சேர்ந்தவர். ஊரில் அவருக்கு வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. இரண்டையும் அவர் மனைவிதான் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கையில் போன் இருந்தது. வயிறு கொஞ்சம் உப்புசமாக இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதல் தடவை தம்பதியாக வந்தார்கள். அவர் என்னிடம் டப்பாவுக்கு முன்னால் போனைக் கொடுத்தார். அதில் ஒருவர் சிவப்பு அம்புக்குறியெல்லாம் போட்டு, மனிதனைப் பிடிக்கும் நோய்களில் பாதி குடலில் வாழும் பூச்சிகளால் வருகிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் வராதது, முடி கொட்டுவது, கோபம் வருவது, கடன் தீராதது வரைக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது.

"இதுல இருக்கறதுல எனக்கு எட்டு இருக்குதுங்க அம்மிணி," என்றார் அவர்.

பரிசோதித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்து நான் சிரித்ததுதான் தப்பு. அவர் முகம் வாடிவிட்டது. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே வரும் மண்ணைப் பார்த்தே முப்பது வருஷம் சொன்னவர் அவர். முதல் தடவை தண்ணி வரவில்லை என்றால் இன்னொரு இடத்தில் குழி போடுவது அவர் தொழில். வயிற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை டப்பா வர ஆரம்பித்தது. இரண்டாவது தடவையிலிருந்து அவர் வருவதில்லை. மனைவியிடம் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு. காலை ஏழு மணிக்குள் கொடிக்காலில் ஒரு வேலையை முடித்துவிட்டு, கட்டைப்பையில் டப்பாவை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பச்சரிசியை நாலு நாலாக வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறைக்கென்று ஒரு புது டப்பாவைக் கொடுத்து அனுப்புவேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அவருடைய கணவர் போனில் பேசுவார். மாலை நாலு மணிக்கு மேல் அவர் அழைப்பு வந்தால், அன்று மத்தியானம் அவர் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். கேள்விகள் வீடியோவுக்கு வீடியோ கூர்மையாகிக்கொண்டே போயின. புழுவின் முட்டையும் மகரந்தமும் ஒரே மாதிரி இருக்குமாமே, நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள் என்றார் ஒரு நாள். அனுபவத்தில் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த அனுபவம் இருக்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படித்த காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புத்தகம். அதில் எல்லா முட்டையும் அவித்த கொண்டைக்கடலை மாதிரிதான் இருக்கும்.

வேறு வழியில்லாமல் நானும் இணையத்துக்குள் போனேன்.

முதலில் தமிழில் தேடினேன். அவர் பார்த்த வீடியோக்களே எனக்கும் வந்தன. பப்பாளி விதை, பாகற்காய்ச் சாறு, விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் வாழைப்பழம். எல்லோரும் கத்தினார்கள். ஆங்கிலத்தில் தேடியபோது, ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் சுகாதாரத் துறை நடத்தும் தளம் கிடைத்தது. அங்கே யாரும் கத்தவில்லை. ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு பக்கம். அது மண்ணிலிருந்து மனிதனுக்கும், மனிதனிடமிருந்து மண்ணுக்கும் எப்படிப் போகிறது என்று அம்பு போட்ட ஒரு படம். கீழே வரிசையாக மைக்ரோஸ்கோப்பில் எடுத்த புகைப்படங்கள். இத்தனை வருஷம் இது இலவசமாக அங்கேயே கிடந்திருக்கிறது. நான் ரயில் முன்பதிவுக்கும் சீரியல் பார்க்கவும் மட்டும் போனைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அந்தத் தளத்தின் வழியாக ஒரு பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரம். ஒட்டுண்ணி நோய்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளும். பாடம் நடத்திய அம்மையாரின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வீடியோவுக்குக் கீழே தமிழ் எழுத்துகள் வரும்படி ஒரு பொத்தான் இருந்தது. அதை மெஷினே மொழிபெயர்க்கிறது. அதை அழுத்தினேன்.

அந்தத் தமிழைப் படித்த முதல் நாள் நான் லேப்பைப் பூட்டிவிட்டுச் சிரித்தேன். ஆங்கிலத்தில் மலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு உட்காரும் முக்காலி என்றும் பொருள் உண்டு. மெஷின் எல்லா இடத்திலும் முக்காலியையே எடுத்துக்கொண்டது. 'நோயாளியின் முக்காலியைக் காலையில் சேகரித்து மூடிவைக்கவும்' என்றது. புழு வாழும் உடம்பைக் குறிக்கும் சொல்லுக்கு டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறவர் என்றும் பொருள் இருக்கிறது போல. 'முதிர்ந்த புழு தொகுப்பாளரின் சிறுகுடலைக் கடித்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழும்' என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்தில் பளபளவென்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்து, வீட்டில் இருப்பவர்கள் நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்பார்கள்.

ஆனாலும் படித்தேன். முக்காலியையும் தொகுப்பாளரையும் நானே மாற்றிப் படித்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை லேப்பில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். இரண்டாவது வாரம் முழுக்கக் கொக்கிப்புழு. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் குஞ்சுகள் காத்திருக்கும். வெறுங்காலோடு வருகிறவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். அங்கே பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வந்தவருக்கு வெளுப்பு, மூச்சு வாங்குதல், அசதி. சிலருக்கு மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று சாப்பாடு அல்லாததைத் தின்னும் ஆசை வரும். இதை என் கையாலேயே அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு இரண்டடி தள்ளி, காலையில் அந்த அக்கா உட்கார்ந்து அரிசி மென்ற நாள்கள் அவை.

ஏழாவது டப்பா என்று நினைக்கிறேன். அதனோடு ஒரு தனிப் பொட்டலமும் வந்தது. கணவர் போனில் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கண்ணாலேயே பார்த்துவிட்டேன், கறுப்பாக, நூல் மாதிரி, ஒரு விரக்கடை நீளம், ஒன்றல்ல நாலு என்றார். அவர் குரலில் தண்ணி கண்டவனின் சந்தோஷம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நாலு கறுப்பு நூல்கள். என் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டுத் தளத்தின் படங்களிலும் இல்லை.

இணைய வகுப்பில் மாணவர்கள் கேள்வி கேட்க ஒரு பக்கம் இருந்தது. நூலை ஸ்லைடில் வைத்துப் போனில் படம் எடுத்து அங்கே போட்டேன். தென்னிந்தியாவில் ஒரு விவசாயியிடம் கிடைத்த அடையாளம் தெரியாத புழு என்று கொஞ்சம் கம்பீரமாகவே எழுதினேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோமோ என்ற எண்ணம் எனக்குள் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு நாட்டிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். இது புழு அல்ல, வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் நார், செங்கல் அடுக்கியது மாதிரி அறை அறையாகத் தெரிகிறது பாருங்கள், உங்கள் நோயாளி நிறைய வாழைப்பழம் சாப்பிடுகிறவராக இருப்பார் என்று.

நான் இருப்பது பரமத்தி வேலூர். என் லேப் வாசலில் வாழைத்தார் ஏற்றிய டெம்போ நிற்காத நாளில்லை. வாழைப்பழத்தைக் கடையில் ஒன்றிரண்டாக வாங்கித் தின்கிற ஒருவர் எனக்கு வாழைப்பழத்தை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

அக்காவின் கணவருக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், வெறும் வயிற்றில் தினமும் நாலு பூவன் பழம் சாப்பிடுகிறேன், பூச்சியை வெளியே இழுக்க ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்றார். அந்தப் பழம்தான் நீங்கள் பார்த்தது என்று எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க மெசினு பழசுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

அந்த எட்டு வாரப் படிப்பை முடித்தேன். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. சேலம் போயிருந்தபோது ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் கலரில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு லேப்பில் மாட்டினேன். அதைப் பார்த்த சிலர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவ்வளவு படித்தும் ஒரு கொக்கிப்புழு முட்டையைக்கூட நிஜத்தில் பார்க்கவில்லையே என்ற குறை மட்டும் எனக்கு இருந்தது.

பன்னிரண்டாவது டப்பா ஒரு திங்கட்கிழமை வந்தது. அக்கா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றார். நான் கவனிக்கவில்லை. பழக்கத்தில் ஸ்லைடு போட்டு, பழக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

வலது ஓரத்தில் அது இருந்தது. முட்டை வடிவம், மெல்லிய ஓடு, ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் உருண்டைகளுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஓர் இடைவெளி. தளத்தில் நூறு தடவை பார்த்த படம். ஸ்லைடை நகர்த்தினேன். இன்னொன்று. இன்னும் நகர்த்தினேன். எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.  ஒருவர் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

உடனே போனை எடுத்து அக்காவின் கணவருக்கு அடித்தேன். "அண்ணா, நீங்க சொன்னது சரிதானுங்க. கொக்கிப்புழு இருக்குது," என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, "நான் அப்பவே சொன்னேனுங்களே," என்றார். அவ்வளவுதான். ஆனால் ஐந்து மாதம் யாரும் நம்பாத ஒருவர் அதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இத்தனை தடவை அலைந்தவர், அவரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இது என்னோடதுங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அண்ணனுடையது அக்கா, அவர் கொடுத்து அனுப்பியதுதானே என்றேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். முகம் முழுக்க வேர்த்திருந்தது. மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் கூட்டம். யாரோ ஒரு கூடையை அவர் பைமேல் வைத்துவிட்டார்கள். டப்பா நசுங்கி மூடி திறந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையோடு தூக்கிப் போட்டுவிட்டார். நான் போன தடவை கூடுதலாகக் கொடுத்த புது டப்பா ஒன்று இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பிடத்துக்குப் போனார்.

"நாலு நாளா வெளக்கெண்ணெ குடிச்சிட்டு எடுத்துக் குடுத்தாரு. கொட்டிப்போச்சுன்னு எப்பிடிங்க சொல்றது? மறுக்காக் குடிப்பாரு. ரெண்டு பேரும் ஒரே சோறுதான திங்கறோம், உள்ள இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சாமி."

நான் அவரை உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் அவரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நகங்கள் குழிந்து கிடந்தன. பாதம் வெடித்து, விரலிடுக்கில் பழைய சொறித் தழும்புகள். கொடிக்காலுக்குள் செருப்புப் போடுவீர்களா என்று கேட்டேன். கொடிக்காலுக்குள் யாராவது செருப்போடு போவார்களா, அது சாமி இருக்கிற இடம் என்றார். வேலைக்கு வருகிறவர்கள் வெளிக்குப் போவது எங்கே என்று கேட்டேன். வாய்க்கால் மேட்டுக்கு என்றார். மழை பெய்தால் மேட்டுத் தண்ணி எங்கே இறங்கும் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது வாரப் பாடத்தின் படம் முழுதாக என் முன்னால் உட்கார்ந்து அரிசி மென்றுகொண்டிருந்தது. பதினொரு தடவை நான் அதன் கையில் இருந்த டப்பாவை மட்டும் வாங்கியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே இருந்தது. இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு அவர் வெற்றிலை கிள்ளி, கட்டுக் கட்டி, பஸ் ஏறி, அடுத்தவர் வயிற்றைச் சுமந்து வந்திருக்கிறார்.

அண்ணனிடம் சொல்லிவிடுவோம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், அவர் இன்றைக்காவது நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நான் பரிசோதனை விதிகளை எட்டு வாரம் படித்தவள். யாருடைய மாதிரி என்பதை உறுதி செய்வதுதான் முதல் விதி. அந்த விதிக்கு என்னால் செய்ய முடிந்தது, அவர் பெயரில் ரிப்போர்ட் அடிக்காமல் இருந்ததுதான். அக்காவின் பெயரில் அடித்தேன். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று அண்ணனுக்கு ஒரு பொய் சொல்லி, மறுநாள் இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்றேன். டாக்டருக்குத் தனியாகப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ஒரே வீடு, ஒரே தோட்டம், இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுப்பதில் தப்பில்லை என்றார். அக்காவை நாமக்கல்லுக்கு அனுப்பி, உள்ளே சேர்த்து இரும்புச்சத்து ஏற்றினார்கள்.

ரிப்போர்ட்டுக்காக அண்ணன் காத்திருக்கவில்லை. நான் போனை வைத்த அரை மணி நேரத்தில் வெற்றிலை விவசாயிகளின் வாட்ஸப் குழுவில் தனக்குக் கொக்கிப்புழு உறுதியாகிவிட்டது என்று குரல் பதிவு போட்டுவிட்டார். ஒரே மாத்திரையில் அவருக்கு உப்புசம் போனது, தூக்கம் வந்தது, எட்டு வியாதியும் தீர்ந்தது. குழுவில் அவர் நிபுணரானார். புழுவின் பயணத்தைக் காலிலிருந்து குடல் வரைக்கும், ரிக் வண்டிக்காரரின் கணக்கில், எத்தனை அடியில் என்ன என்று விளக்கினார். நானும் அதைக் கேட்டேன். எனக்குத் தமிழில் மொழிபெயர்த்த மெஷினைவிட நன்றாகவே இருந்தது. தப்பு ஒன்றுதான். மனைவிக்கு வந்தது தன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. இது ஆளிடமிருந்து ஆளுக்கு அப்படி ஒட்டாது, மண்ணில் சில நாள் கிடந்து வளர்ந்துதான் கால் வழியாக ஏறும் என்ற பாடம் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. புழுவாவது அங்கிருந்து கீழே இறங்கிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் தனியாக வந்தார். லேப்பில் சர்க்கரைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் முன்னால் உட்கார்ந்தார்.

நடந்ததை அவரே சொன்னார். முந்தின நாள் வீட்டில் ஏதோ பேச்சு வந்திருக்கிறது. என்னால்தான் உனக்கு வந்தது என்று அவர் நூறாவது தடவையாகச் சொன்னபோது, அக்கா பொறுக்கமாட்டாமல், உங்களால் ஒன்றும் வரவில்லை, உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று போட்டு உடைத்துவிட்டார்.

"ஊட்ல சொல்றது நெசமாங்க அம்மிணி?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா? பன்னெண்டு தடவையும்?"

"பதினொண்ணுதானுங்க உங்களோடது. ஒண்ணும் இல்லீங்க."

 நல்ல உடம்பு என்று ஒருவருக்குச் சொல்வது இவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் கோபப்படுவார், வேறு லேப்புக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினொரு தடவ அவளத்தான் அனுப்புனேன்," என்றார். "எனக்கு அசதியா இருக்குது, நீ போய்ட்டு வான்னு."

 நானும் பதினொரு தடவை வாங்கிக்கொண்டேன் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுந்து போனார்.

ஒரு மாதத்தில் அவர் கொடிக்காலை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டினார். அவருக்காக அல்ல. அங்கே வேலைக்கு வரும் ஏழெட்டுப் பெண்களுக்காக. குழியை எத்தனை ஆழம் தோண்டலாம், கிணற்றுக்கும் அதற்கும் எத்தனை அடி விட வேண்டும் என்று எனக்குப் போன் செய்து கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லி, இன்னொரு தளத்தைத் தேடிப் படித்துச் சொன்னேன். அதற்குள் அவரே ஒரு வீடியோவில் பார்த்துவிட்டிருந்தார். இந்தத் தடவை அந்த வீடியோ சரியாக இருந்தது.

செருப்பு விஷயம்தான் இழுத்தது. கொடிக்காலுக்குள் செருப்பா என்று வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்தது. கொடி வாடிவிடும் என்றார்கள். மூன்று பேர் குழுவை விட்டே போனார்கள். கடைசியில் மோகனூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். தெருவை மிதித்த செருப்புதான் தீட்டு, கடையிலிருந்து நேராகக் கொடிக்காலுக்கு வந்து, அங்கேயே கழுவி அங்கேயே வைக்கும் செருப்பு கொடிக்காலைச் சேர்ந்தது என்றார். இதை எந்தப் பல்கலைக்கழகத்தின் எட்டு வாரமும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. மறுநாளே அண்ணன் பத்து ஜோடி பிளாஸ்டிக் ஷூ வாங்கி வந்து வரப்போரம் ஆணி அடித்து மாட்டிவிட்டார். வேலைக்கு வரும் பெண்கள் இப்போது அதைப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அக்காவுக்கு ரத்தம் ஏறியது. மூன்றாம் மாதம் பார்த்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. பச்சரிசி தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டேன். இல்லை, இப்போது சோறுதான் நிறையப் போகிறது, அவர் அதற்கும் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

போன வாரம் அண்ணன் ஒரு ஆம்னி வண்டியில் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொருவரும் முந்தானைக்குள் டப்பாவை மறைத்துக்கொண்டு, யார் முதலில் கொடுப்பது என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்தான் முன்னால் வந்து பெயரும் வயதும் சொன்னார். வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெரிய பெரிய நாட்டில் இதைச் சட்டம் போட்டு மாட்டும் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள் என்று என் சுவரைக் காட்டிச் சொன்னார். நாலில் இரண்டில் முட்டை இருந்தது. இந்தத் தடவை நான் கடைசி வரைக்கும் எண்ணினேன்.

எழுதிக்கொண்டே, உங்களுக்கு வயிறு எப்படி இருக்கிறது அண்ணா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"அதப் பாக்க எங்கீங்க நேரம்?" என்றார். கொஞ்சம் வருத்தமாகவேதான் சொன்னார்.